சவ்வுக்குள் இரண்டு சுருள்கள் சேர்கின்றனவா? பார்க்கும் முறை

முதல் ஒன்றரை மாதம் நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கும் ஒரு புரதச் சுருளை, சவ்வு எதனால் ஆனதோ அந்த லிப்பிட் என்ற கொழுப்புப் பொருளால் செய்த குமிழிகளின் சுவரில் பதித்து வைத்திருந்தேன். இரண்டு சுருள்கள் பக்கத்தில் பக்கமாக ஒட்டி நின்றால், அவற்றில் கட்டிய ஒளிரும் சாயங்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டு எவ்வளவு வலுவானது என்று அறிய, கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, சாயங்களின் ஒளியை எண்ணாக அளந்தேன். எண் அசையவில்லை. நூறு மடங்கு நீர்க்கச் செய்தேன். அப்போதும் அசையவில்லை. நோட்டில் “மிக வலுவான இணை” என்று எழுதி அடிக்கோடும் போட்டுவைத்தேன். என் வழிகாட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இந்தச் சுருள் எதில் கரைந்திருக்கிறது?”

தண்ணீரில் அல்ல, லிப்பிடில். குமிழிகளுக்கு வெளியே எத்தனை லிட்டர் தண்ணீரைக் கூட்டினாலும், ஒரு குமிழியின் சுவருக்குள் நிற்கும் சுருள்களின் நெருக்கம் குறையாது. வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டிவிட்டு, வீட்டுக்குள் கூட்டம் குறைந்துவிட்டது என்று நம்பியதைப் போன்ற வேலை அது.

வெட்கத்தோடு போய், அடுத்த வாரம் வெற்று லிப்பிட் குமிழிகளைக் கொண்டுவந்து கலந்தேன். லிப்பிட் கூடியதால் நெருக்கம் குறைய வேண்டும் அல்லவா? எண் மறுபடியும் அசையவில்லை. இந்த முறை கேள்வி கேட்க யாரும் வேண்டியிருக்கவில்லை. எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு சுருள் தன் குமிழியை விட்டு வெளியேறித் தண்ணீரைக் கடந்து இன்னொரு குமிழிக்குத் தாவாது. புதுக் குமிழிகள் காலியாகவே மிதந்துகொண்டிருந்தன.

அதிலிருந்து எந்தச் சோதனையையும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறேன். புதிதாக ஒரு சுருள் கைக்கு வந்தால் நான் போகும் வழியைக் கீழே எழுதுகிறேன்.

சேர்வதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

தண்ணீரில் புரதம் மடிவதைப் படித்துவிட்டு வருபவர்கள், எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் தண்ணீருக்குப் பயந்து ஒன்றுசேரும் என்ற விடையைத் தயாராக வைத்திருப்பார்கள். சவ்வின் நடுவில் தண்ணீர் இல்லை. சுருள் ஏற்கெனவே எண்ணெயில்தான் நிற்கிறது. பக்கத்துச் சுருளிடம் போவதால் மட்டும் அதற்குப் புதிதாக எண்ணெய்ச் சூழல் கிடைத்துவிடாது.

1990-இல் ஜான்-லூக் பொப்போ, டொனால்டு எங்கல்மன் இருவரும் இதை இரண்டு கட்டங்களாகப் பிரித்து எழுதினார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வொரு சுருளும் தனித்தனியே சவ்வுக்குள் நிலைகொள்கிறது. முதுகெலும்புச் சங்கிலியின் ஹைட்ரஜன் பிணைப்புகள் அனைத்தும் சுருளுக்குள்ளேயே நிறைவடைந்துவிடுவதால், அதைக் குலைத்துப் பிரிப்பதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. இரண்டாம் கட்டத்தில், நிலைகொண்ட சுருள்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. ஏழு சுருள்கள் கொண்ட பாக்டீரியோரோடாப்சின் என்ற சவ்வுப் புரதத்தை இரண்டாக வெட்டி, ஐந்து சுருள்களை ஒரு வகைக் குமிழிகளிலும் இரண்டை வேறு குமிழிகளிலும் வைத்து, பிறகு குமிழிகளை ஒன்றாக்கியபோது முழுப் புரதத்தின் அமைப்பு திரும்பக் கிடைத்தது. இந்தக் கருத்துக்கு அந்தச் சோதனை நல்ல பிடிமானம்.

ஆகவே நீங்கள் அளக்கப்போவது ஒரு போட்டியை. சுருளுக்குச் சுருள் பிடிக்கிறதா, அல்லது லிப்பிட் பிடிக்கிறதா? இரண்டு சுருள்கள் சேரும்போது அவற்றின் மேல் சாய்ந்திருந்த லிப்பிடுகள் விலகி, மற்ற லிப்பிடுகளிடம் போகின்றன. அந்தக் கணக்கும் தராசில் ஏறுகிறது. சுருளின் அமினோ அமில வரிசையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுபவர்கள் தராசின் ஒரு தட்டை மறந்துவிடுகிறார்கள்.

காகிதச் சுருள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு காகிதம் எடுங்கள். சவ்வின் எண்ணெய்ப் பகுதி சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் தடிமன் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). நாம் பேசும் சுருள் ஆல்பா சுருள் என்ற வகை; அதில் ஒவ்வொரு அமினோ அமிலமும் 1.5 ஆங்ஸ்ட்ராம் உயரம் ஏறுகிறது. எனவே ஊடுருவிச் செல்ல ஏறக்குறைய 20 அமினோ அமிலங்கள் வேண்டும். அந்த 20 எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கண்டுபிடிக்க, அமினோ அமிலங்களின் எண்ணெய்த்தன்மைக்கு மதிப்பெண் தரும், 1982-இல் வந்த கைட்–டூலிட்டில் அளவுகோல் இன்றும் உதவுகிறது. 19 அமினோ அமிலங்களைச் சன்னலாக வைத்துச் சராசரி எடுங்கள், 1.6-க்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள். ஓரங்களில் டிரிப்டோஃபானும் டைரோசினும் நிற்கின்றனவா, லைசினும் ஆர்ஜினினும் செல்லின் உட்புறமாகக் கூடியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். புரதத்தை ஏற்றுமதி செய்ய உதவும் முன்னொட்டு வரிசைகளும் இந்தத் தேர்வில் தேறிவிடும் என்பதால் வரிசையின் தொடக்கத்தில் உள்ளவற்றை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்.

இப்போது காகிதம். 36 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். ஆல்பா சுருளில் அடுத்தடுத்த அமினோ அமிலங்கள் 100 டிகிரி தள்ளி நிற்கின்றன. ஆகவே ஒரு அமினோ அமிலத்துக்கு ஒரு எழுத்து என்று வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் முந்தையதிலிருந்து 10 செ.மீ. வலப்புறம், 1.5 செ.மீ. மேலே எழுதுங்கள். வலது ஓரத்தைத் தாண்டினால் 36-ஐக் கழித்து இடது ஓரத்திலிருந்து தொடருங்கள். 20 எழுத்துகள் முடிந்ததும், எழுத்து வெளியே தெரியும்படி உருட்டி ஒட்டிவிடுங்கள். ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில், பக்கக் கிளைகளோடு சேர்ந்த உண்மையான சுருளின் பருமனுக்கு இது ஓரளவு ஒத்துவரும்.

குழலைக் கையில் வைத்துச் சுழற்றும்போது, தட்டையான வரிசையில் தெரியாத கோடுகள் தெரியத் தொடங்கும். ஒரு எழுத்தும் அதிலிருந்து நான்காவது எழுத்தும் 4 செ.மீ. தூரமே தள்ளி, ஒரே சாய்வில் ஏறுகின்றன. ஏழாவது எழுத்து இன்னும் நேராக, 2 செ.மீ. மட்டும் எதிர்ப்பக்கம் விலகி நிற்கிறது. சிறிய அமினோ அமிலங்களுக்கு ஒரு வண்ணம், கிளைத்தவற்றுக்கு ஒரு வண்ணம், முனைவுத்தன்மை உள்ளவற்றுக்கு ஒரு வண்ணம் தீட்டுங்கள். இன்னொரு குழலும் செய்து இரண்டின் வண்ணக் கோடுகளையும் முகத்தோடு முகம் பொருத்திப் பாருங்கள். நான்காவது எழுத்துக் கோட்டில் பொருந்தினால் குழல்கள் கணிசமாகக் குறுக்கே சாயும். ஏழாவது எழுத்துக் கோட்டில் பொருந்தினால் எதிர்த்திசையில் சற்றே சாயும். உண்மையான புரதங்களில் முதல் வகை 40 டிகிரிக்கு அருகிலும், இரண்டாம் வகை 20 டிகிரிக்கு அருகிலும் வருகின்றன. மென்பொருள் இதை ஒரு நொடியில் வரைந்து தரும், எனக்குத் தெரியும். கையால் உருட்டியவர்கள்தான் திடீர்மாற்றத்தை (ஒரு எழுத்துக்குப் பதில் வேறொன்றை வைப்பதை) எந்த முகத்தில் வைக்க வேண்டும் என்பதில் தவறு செய்யாமல் இருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கிளைசினைக் கண்டதும் துள்ளாதீர்கள்

இந்தத் துறையின் அரிச்சுவடி கிளைகோஃபோரின் ஏ. சிவப்பணுவின் சவ்வில் இருக்கும் இந்தப் புரதத்தின் சுருள், எஸ்.டி.எஸ். என்ற கடுமையான டிடர்ஜென்டில்கூட இணை பிரியாது. 1992-இல் அதன் ஒவ்வொரு எழுத்தையும் மாற்றிப் பார்த்தபோது, ஏழு எழுத்துகள் மட்டும் மாற்றத்தைப் பொறுக்கவில்லை: லியூசின் 75, ஐசோலியூசின் 76, கிளைசின் 79, வாலின் 80, கிளைசின் 83, வாலின் 84, திரியோனின் 87. இவற்றைக் காகிதக் குழலில் குறித்தால் ஒரே பக்கத்தில் ஒரு பட்டையாக விழும். 1997-இல் என்.எம்.ஆர். என்ற காந்தப்புல முறையில் கண்ட அமைப்பு வெளிவந்தபோது அந்தப் பட்டைதான் தொடு முகம் என்று உறுதியானது.

நடுவில் உள்ளது ஜி–எக்ஸ்3–ஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வரிசை: ஒரு கிளைசின், ஏதாவது மூன்று, மீண்டும் ஒரு கிளைசின். கிளைசினுக்குப் பக்கக் கிளை இல்லாததால் அங்கே ஒரு பள்ளம். எதிர்ச் சுருளின் வாலின் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வந்து அமர்கிறது. முதுகெலும்புகள் மிக நெருங்கிவிடுவதால், சாதாரணமாக எண்ணிக்கையில் சேராத கார்பன்–ஹைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்புகளும் கொஞ்சம் கைகொடுக்கின்றன. வாலினும் ஐசோலியூசினும் சுருளுக்குள் ஏற்கெனவே ஒரே நிலையில் முடங்கிக் கிடப்பவை. அதனால் நெருக்கத்தில் அவை இழக்கும் சுதந்திரம் குறைவு. அழகான ஏற்பாடு.

அழகு மயக்கிவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில், ஊடுருவும் சுருள்களில் இந்த வரிசை எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வருகிறது என்று கணக்கிட்டுக் காட்டப்பட்டது. அதன் பிறகு எந்தப் புரதத்தில் ஜி–எக்ஸ்3–ஜி தெரிந்தாலும் “இதோ இணை” என்று எழுதும் பழக்கம் பரவியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சுற்றியுள்ள எழுத்துகள் பள்ளத்துக்குப் பொருந்தாவிட்டால் கிளைசின் வெறும் கிளைசின்தான். அந்த இடத்தில் லிப்பிடோ வேறு ஒரு சுருளோ உட்கார்ந்திருக்கலாம்.

முனைவுத்தன்மை உள்ள எழுத்துகள் வேறு ரகம். எண்ணெயின் நடுவில் தனியாக மாட்டிக்கொண்ட அஸ்பராஜினுக்குக் கைகோக்க இன்னொரு அஸ்பராஜின் கிடைத்தால் போதும், பிடித்துக்கொள்ளும். மாதிரிச் சுருள்களில் ஒற்றை அஸ்பராஜினே சேர்க்கையை உந்த முடியும் என்று 2000-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. ஆனால் இந்தப் பிடி ஆள் பார்த்துப் பிடிப்பதல்ல. யார் வந்தாலும் பிடிக்கும். எலியின் நியூ ஏற்பியில் (ஏற்பி என்பது வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் சவ்வுப் புரதம்) 664-ஆம் இடத்து வாலின் குளூட்டாமிக் அமிலமாக மாறினால் செல் புற்று வழிக்குத் திரும்புகிறது என்பது 1986-இலேயே தெரிந்தது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 ஏற்பியில் 380-ஆம் கிளைசின் ஆர்ஜினினாக மாறுவதுதான் அகோண்ட்ரோபிளாசியா என்ற குள்ள வளர்ச்சிக் கோளாறு பெரும்பாலானவர்களுக்கு வருவதற்குக் காரணம். இரண்டுமே சுருளுக்குள் விழுந்த ஒற்றை எழுத்து மாற்றங்கள். டி-செல் ஏற்பியில் நேர்மின் எழுத்தும் எதிர்மின் எழுத்தும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து பல சங்கிலிகளை ஒருங்கிணைக்கின்றன. லியூசின் பற்களால் கோத்துக்கொண்டு ஐந்து ஐந்தாக நிற்கும் ஃபாஸ்ஃபோலாம்பன் என்றொரு புரதமும் இருக்கிறது. அதில் ஏழெழுத்துக் கோட்டைக் காகிதக் குழலில் வரைந்து பார்க்கலாம்.

ஜெல்: விரைவானது, பொய் சொல்லக்கூடியது

முதல் சோதனையாக, புரதங்களை அளவு வாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல் ஓட்டுவதில் தவறில்லை. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஆனால் பட்டையின் உயரத்தைப் பார்த்து எடை சொல்லாதீர்கள். எண்ணெய்த்தன்மை மிகுந்த சிறு புரதங்கள் எஸ்.டி.எஸ்.-ஐத் தங்கள் இஷ்டத்துக்குக் கூட்டியோ குறைத்தோ ஏற்றிக்கொள்வதால், தனியாக நிற்பதே இணையின் இடத்தில் ஓடலாம்.

நம்பகமான வழி ஒன்று உண்டு. அதே சுருளை நீளமான ஒரு வாலோடும், குட்டையான ஒரு வாலோடும் இரண்டு வடிவங்களாகச் செய்யுங்கள். கலந்து, சூடாக்கிப் பிரித்து, ஆறவிட்டு ஓட்டுங்கள். சேர்ந்தவற்றில் நெட்டை–நெட்டை, நெட்டை–குட்டை, குட்டை–குட்டை என மூன்று பட்டைகள் வந்தால் அது இணை. நான்கு வந்தால் மூவர் கூட்டு. புதிதாக நடுவில் ஒன்றும் வரவில்லையென்றால், அவை கலக்கவே இல்லை அல்லது முதலிலிருந்தே தனித்தனிதான். ஜெல்லில் இணை தெரியவில்லை என்பதால் சவ்விலும் இணை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எஸ்.டி.எஸ். சவ்வைவிட முரட்டுத்தனமான கரைப்பான். எதில் கரைந்திருக்கிறது என்ற கேள்வியை இங்கேயும் கேளுங்கள்.

பாக்டீரியாவைக் கேட்பது

1999-இல் ரஸ், எங்கல்மன் இருவரும் அறிமுகப்படுத்திய டாக்ஸ்கேட் முறை எனக்குப் பிடித்தமானது. உங்கள் சுருளின் ஒரு முனையில், காலரா நுண்ணுயிரியின் டாக்ஸ்ஆர் புரதத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. பிடிக்கும் பகுதி. மறுமுனையில் மால்டோஸ் பிடிக்கும் புரதம். ஈ. கோலை இதைத் தன் உட்சவ்வில் பதிக்கிறது. சுருள்கள் சேர்ந்தால் டாக்ஸ்ஆர் பகுதிகளும் சேர்ந்து, குளோராம்பெனிக்காலை முறிக்கும் நொதியின் மரபணுவை முடுக்கிவிடும். அந்த நொதியின் அளவே சேர்க்கையின் அளவு.

செய்யும்போது நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் சரிபார்ப்புகள் மூன்று. கிளைகோஃபோரின் ஏ ஒரு பக்கம், அதன் 83-ஆம் கிளைசினை ஐசோலியூசினாக மாற்றியது மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் எண்ணுக்குப் பொருள் உண்டு. அடுத்து, மால்டோஸ் புரதம் இல்லாத பாக்டீரியா வகையை மால்டோஸ் மட்டுமே உணவாக உள்ள ஊடகத்தில் வளர்த்துப் பாருங்கள். வளர்ந்தால் சுருள் சரியான திசையில் சவ்வைக் கடந்திருக்கிறது. வளராவிட்டால் மற்ற எண்களைத் தூக்கிப்போடலாம். கடைசியாக, ஒவ்வொரு திடீர்மாற்றமும் எவ்வளவு புரதம் உற்பத்தி செய்திருக்கிறது என்று ஆன்டிபாடி கொண்டு அளந்துகொள்ளுங்கள். இதைத் தவிர்த்த ஒரு வருடத்தில், “சேர்க்கை குறைந்தது” என்று நான் பெருமையாகக் காட்டிய திடீர்மாற்றம் உண்மையில் புரதத்தையே குறைவாக உருவாக்கியிருந்தது.

இன்னொன்று: சுருளை வெட்டும் எல்லையை ஓரிரண்டு எழுத்துகள் நகர்த்திப் பல வடிவங்கள் செய்யுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் 100 டிகிரி திரும்புவதால், டாக்ஸ்ஆர் பகுதிகள் முதுகைக் காட்டி நின்றுவிடக்கூடும். சுருள் சேர்ந்திருந்தும் பாக்டீரியா மௌனமாக இருக்கும்.

குமிழிகளில் அளப்பது

எண் வேண்டுமென்றால் ஃப்ரெட்தான்: ஒரு சாயத்திலிருந்து அருகிலுள்ள இன்னொரு சாயத்துக்கு ஆற்றல் கைமாறுவதை அளக்கும் முறை. கொடுக்கும் சாயத்தை ஒரு சுருளிலும் ஏற்கும் சாயத்தை இன்னொன்றிலும் கட்டுங்கள். தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப ஆற்றல் கைமாறுவது விழுவதால், 50 ஆங்ஸ்ட்ராம் அளவில் வேலை செய்யும் சாய ஜோடி நெருக்கத்தை நன்றாகக் காட்டும். அதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிப்பிடுக்குச் சவ்வின் பரப்பில் சுமார் 65 சதுர ஆங்ஸ்ட்ராம். 100 லிப்பிடுக்கு ஒரு சுருள் என்றால், ஒரு அடுக்கில் 50 லிப்பிடுகள், அதாவது 3,250 சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு ஒன்று. சராசரி இடைவெளி 57 ஆங்ஸ்ட்ராம்! ஒன்றுக்கொன்று அக்கறையே இல்லாத சுருள்களும் இந்த நெரிசலில் ஃப்ரெட் காட்டும். குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 1,000 லிப்பிடுக்கு ஒன்று என்றால் இடைவெளி 180 ஆங்ஸ்ட்ராம். அங்கே கிடைக்கும் ஃப்ரெட்டை நம்பலாம்.

தற்செயல் நெருக்கத்தைப் பிரித்தறிய எளிய தந்திரம்: சாயம் கட்டாத அதே சுருளைச் சேருங்கள். உண்மையான இணையாக இருந்தால், சாயமற்றது இடம்பிடித்து ஃப்ரெட்டைக் குறைக்கும். தற்செயல் என்றால் எண் பெரிதாக மாறாது. சாயமற்றதையும் சாயமுள்ளதையும் குமிழி உருவாவதற்கு முன்பே கலந்துவிட வேண்டும். என் வெற்றுக் குமிழிக் கதையை மறக்காதீர்கள். ஒவ்வொரு விகிதத்துக்கும் லிப்பிடையும் சுருளையும் கரிமக் கரைப்பானில் ஒன்றாகக் கரைத்து, உலர்த்தி, புதிதாக நீரேற்றுங்கள். 1:100, 1:300, 1:1000, 1:3000. நான்கு குப்பிகள், நான்கு தனி மாதிரிகள். சோம்பேறித்தனத்துக்கு இங்கே இடமில்லை. இப்படிப் பதிக்கும்போது சுருள்கள் தலைகீழாகவும் நுழையும் என்பதையும் நினைவில் வையுங்கள். எதிர்த்திசை இணை ஒன்று செல்லில் நடக்க வாய்ப்பே இல்லாமல் உங்கள் குப்பியில் மட்டும் வாழலாம்.

விகிதத்தை மோல் பின்னமாக (மொத்த மூலக்கூறுகளில் சுருளின் பங்காக) எழுதி, அதிலிருந்து சேர்க்கையின் வலுவைச் சொல்லும் கட்டிலா ஆற்றலைக் கணக்கிடுங்கள். ஒரு லிட்டருக்கு இத்தனை மோல் என்ற அலகு இங்கே பொருளற்றது. கிளைகோஃபோரின் ஏ இணைக்கு, பி.ஓ.பி.சி. லிப்பிட் இரட்டை அடுக்கில் 2010-இல் அளக்கப்பட்ட மதிப்பு மோலுக்கு −12.1 கிலோ கலோரி; டிடர்ஜென்டில் கிடைப்பதைவிட வலுவானது. அடுத்த ஆண்டே அதே ஆய்வகம், இயற்கைச் சவ்வின் தன்மைகளைச் சேர்த்தால் இந்த இணை வெகுவாகத் தளர்கிறது என்று காட்டியது. எதிர்மின் லிப்பிடும் மற்றப் புரதங்களின் கூட்டமும் தளர்த்துபவற்றில் சேர்த்தி. சுருளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கரைப்பான்தான் மாறியது.

அதனால் திடீர்மாற்றம் செய்வதோடு லிப்பிடையும் மாற்றிப் பாருங்கள். 14 கார்பன் சங்கிலியிலிருந்து 22 கார்பன் சங்கிலி வரை, ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள பி.சி. (பாஸ்ஃபாடிடில்கோலின்) லிப்பிட் வகைகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. சவ்வு சுருளைவிட மெலிந்தோ தடித்தோ இருந்தால் லிப்பிடுகள் வளைந்து நெளிந்து ஈடுகட்ட வேண்டும். சுருள்கள் சேர்ந்துவிட்டால் அந்தச் செலவு குறையும். சி.எல்.சி. என்ற குளோரைடு கடத்தியில் நடப்பது ஏறக்குறைய இதுதான். தனியாக நிற்கும்போது அதன் ஓரத்தில் சவ்வு மெலிந்து போகிறது. இணை சேர்ந்தால் அந்த ஓரம் மறைகிறது. குட்டைச் சங்கிலி லிப்பிடைக் கொஞ்சம் கலந்தால் அவை மெலிந்த ஓரத்தில் வசதியாக உட்கார்ந்து, இணையைத் தளர்த்திவிடுகின்றன. உங்கள் சுருளில் திடீர்மாற்றம் ஒன்றும் செய்யாமல், தடிமன் மட்டும் எண்ணைப் புரட்டினால், தொடு முகத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு லிப்பிடைப் பாருங்கள்.

கணினியைப் பற்றிச் சுருக்கமாக. புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளிடம் இரண்டு சுருள்களைக் கேட்டால் இரண்டு சுருள்களை ஒட்டி வரைந்து தரும். சவ்வு எதுவென்று அது கேட்பதில்லை. மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் மார்ட்டினி என்ற எளிமைப்படுத்திய மாதிரியின் பழைய பதிப்பில் புரதங்கள் தேவைக்கு மேல் ஒட்டிக்கொள்ளும். 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதைச் சீர்படுத்த முயன்றிருக்கிறார்கள். எந்த எழுத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று யோசனை கேட்க இவை நல்ல துணை. தீர்ப்புக்குக் குப்பியிடம் போங்கள்.

அந்த முதல் சுருளை நான்கு குப்பிகளில் புதிதாகச் செய்து அளந்தேன். கிளைசினை மாற்றியபோது ஒன்றும் ஆகவில்லை. எதிர் முகத்தில் இருந்த லியூசின்களை மாற்றியபோதுதான் தளர்ந்தது. நோட்டில் “மிக வலுவான இணை” என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: “18 கார்பன் பி.சி., 25 டிகிரி செல்சியஸ், 1:500-இல் பாதி இணை, பாதி தனி.”